தேர்வாணையர்

மதுரையிலும் சென்னையிலும் இவர் பல வீடுகளில் இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வங்கியிலோ எல்.ஐ.சி.யிலோ நல்ல பதவி. மற்ற மாதங்களில் சாதுவான மனிதர்தான். புரட்டாசி பிறந்துவிட்டால் போதும், போடியில் இருக்கிற உறவுக்காரனுக்குப் போன் போடுவார். "மாப்ள, ஐப்பசில போடிமெட்டுப் பக்கம் ரெண்டு நாள் தங்கலாம்னு இருக்கோம். எந்த ஊர்ல தங்குறது நல்லது?"

அந்த உறவுக்காரன் பெரும்பாலும் நான்தான். கேள்விதானே, பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. பதில் வந்துவிட்டால் இவருக்கு வேலை போய்விடும். இவர் ஊர் தேடுவதில்லை, தேர்வாணையம் நடத்துகிறார். அறிவிக்கை, விண்ணப்பம், முதல்நிலை, முதன்மை, நேர்காணல் எல்லாம் முறைப்படி உண்டு. முடிவு வரும் நேரத்தில் மனைவி தடையுத்தரவு வாங்கிவிடுவார். 2023 ஜூனில் சென்னையிலிருந்து போடிக்கு ரயில் விட்டார்கள். அகலப்பாதை வேலைக்காகப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் மூடிக்கிடந்த தடம். அது திறந்ததிலிருந்து ஆணையர்கள் பெருகிவிட்டார்கள்.

தேர்வு எழுதும் ஊர்களும் குறைவில்லை. கேரள எல்லையில், பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறியதும் போடிமெட்டு. தாண்டினால் பூப்பாறை, சூரியநெல்லி, சின்னக்கானல். கீழே முந்தலில் பிரிந்தால் குரங்கணி. எல்லாவற்றுக்கும் மேலே கொழுக்குமலை, டாப் ஸ்டேஷன்.

குரங்கணிக்கு முதலில் நல்ல மார்க் விழும். 'மைனா' படம் எடுத்த ஊராயிற்றே. அப்புறம்தான் அது மலையடிவாரம் என்று தெரியவரும். "அப்ப குளிராதா?" என்பார். சுமாராகக் குளிரும் என்றால், "சுமாரான குளிருக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்?" குரங்கணி முதல்நிலையிலேயே அவுட்.

டாப் ஸ்டேஷன் விஷயத்தில் பூகோளமே இவரோடு விளையாடுகிறது. அது தேனி மாவட்டத்து ஊர், குரங்கணிக்கு நேர் மேலே நிற்கிறது. ஆனால் காரில் போக வேண்டுமானால் கேரளாவுக்குள் நுழைந்து, மூணாறு போய், அங்கிருந்து மறுபடி தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும். போடியிலிருந்து நூறு கிலோமீட்டர் சுற்று. கொழுக்குமலையும் அப்படித்தான். தோட்டம் நம்முடையது, ஜீப் ஏறுவது சூரியநெல்லியில். இதை அவருக்கு விளக்க மூன்று போன் கால் பிடித்தது. கடைசியில், "அப்ப நான் நம்ம ஊருக்கு வர்றதுக்கு வெளிமாநிலம் போகணுமா?" என்றார், ஏதோ நான்தான் எல்லைக்கல் நட்டவன்போல.

டாப் ஸ்டேஷன் பெயர் எப்படி வந்தது என்பதை மட்டும் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் அங்கே வந்து, கம்பிவழியாகக் குரங்கணிக்கு இறங்கி, போடிக்கு வந்த காலம் உண்டு. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதையே போயிற்று. கேட்டுவிட்டு, "அந்த ரோப்வே இப்ப இல்லையா?" என்று ஆதங்கப்பட்டார். தேயிலைப் பெட்டிக்குக் கிடைத்த வசதி தனக்கு இல்லையே என்ற வருத்தம். நடந்து ஏறலாம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், வனத்துறை அனுமதி வாங்க வேண்டும் என்றேன். டாப் ஸ்டேஷனும் அவுட். கொழுக்குமலையை அவருடைய முதுகு டிஸ்க் ஏற்கெனவே நிராகரித்திருந்தது.

மிச்சமிருந்த ஊர்களுக்கு நேர்காணல். பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குள் நாலு ரூம் கட்டி வாடகைக்கு விடும் ஒருவரிடம் ஆணையர் பேசினார். என்னையும் கான்ஃபரன்ஸ் காலில் போட்டிருந்தார்.

"ஜன்னலைத் தொறந்தா என்ன தெரியும்?"

"ஏலத்தோட்டம் தெரியும் சார்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும் ஏலத்தோட்டம்தான் சார்."

"மஞ்சு எறங்குமா?"

"ஐப்பசில நல்லா எறங்கும் சார்."

"அப்ப வியூ தெரியாதே?"

"தெரியாது சார்."

"மஞ்சு வரணும், வியூவும் தெரியணும். அந்த மாதிரி ரூம் இருக்கா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்த மனிதர், "ஸ்டோர்ல காய் கெடக்கு சார், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஐப்பசி என்றால் காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் நேரம். பறித்த பச்சைக் காயை ஸ்டோரில் பக்குவமான சூட்டில் உலர்த்த வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் பச்சை நிறம் போய்விடும், நிறத்தோடு விலையும் போய்விடும். அதற்கு நடுவில் ஜன்னலுக்கு அப்பால் என்ன தெரியும் என்று எத்தனை பேருக்குச் சொல்வது?

எங்கள் ஊரிலும் தினம் தேர்வு நடக்கிறது. ஸ்பைசஸ் போர்டின் மின் ஏல மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். சாம்பிள் காய் கைக்கு வரும். நிறம் பார்ப்பார்கள், எட்டு மில்லிமீட்டர் தேறுமா என்று பருமன் பார்ப்பார்கள், முகர்வார்கள், விலையைத் தட்டிவிடுவார்கள். நீங்கள் தும்மி முடிப்பதற்குள் லட்ச ரூபாய்ச் சரக்கு கைமாறியிருக்கும். ஆணையரை ஒருநாள் அங்கே உட்கார வைத்தால் முதல் லாட்டைத் தாண்ட தைப்பொங்கல் வந்துவிடும்.

சின்னக்கானலுக்கு வந்தபோது யானைப் பிரச்சினை எழுந்தது. யானை பார்க்கக் கிடைக்க வேண்டும், ஆனால் தூரத்தில் நிற்க வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தால் வசதி. அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த அரிக்கொம்பன் யானையின் ஊர் அது. 2023 ஏப்ரலில் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். இடம் பிடிக்கவில்லைபோலும், ஒரு மாதத்துக்குள் கம்பம் நகருக்குள்ளேயே வந்து நின்றது. ஜூனில் மறுபடி பிடித்து முண்டந்துறைப் பக்கம் அனுப்பினார்கள். வீட்டையும் ஆளையும் இழந்த சின்னக்கானல்காரர்களிடம் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது. ஆனாலும் ஊர் பிடிக்கவில்லை என்றால் கிளம்பிவிடுகிற அந்தத் தீர்மானம் இருக்கிறதே, அது ஆணையருக்குக் கொஞ்சம் வாய்த்திருக்கலாம்.

ஆணையத்தின் அதிகார எல்லை இப்போது கடல் கடந்துவிட்டது. மருமகனுக்கு இத்தாலியில் வேலை. அக்டோபரில் சிங்க்வே தெர்ரே கடற்கரைக்குப் போகிறாராம். மொந்தெரொஸ்ஸோ, வெர்னாத்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்று பாறையில் ஒட்டிய ஐந்து ஊர்கள், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ரயிலில் சில நிமிஷம். எங்கே தங்கினால் என்ன என்று மருமகன் இருந்திருக்கிறார். மாமனார் விடுவாரா? கொர்னீலியா ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு முந்நூற்று எழுபதுக்கு மேல் படி. மகளுக்கு முட்டி என்ன ஆகிறது? ரத்து. 2011 அக்டோபர் 25ஆம் தேதி மழையில் மொந்தெரொஸ்ஸோவிலும் வெர்னாத்ஸாவிலும் சேறும் வெள்ளமும் தெருவை மூடியிருக்கின்றன. "ஐப்பசி அங்கயும் ஐப்பசிதான் மாப்ள" என்று இரண்டையும் ரத்து செய்தார். மருமகன் இப்போதெல்லாம் இவர் போனை எடுப்பதில்லை என்று கேள்வி.

நம் பக்கத்து ஐப்பசியையும் அவர் கணக்கில் வைத்தார். ஆனி, ஆடியில் மேற்கே கேரளத்தில் கொட்டும் மழை, ஐப்பசி கார்த்திகையில் கிழக்குச் சரிவுக்கு வரும். புலியூத்து அருவியில் தண்ணீர் விழும், மலைரோட்டில் அவ்வப்போது பாறையும் விழும். ஆகவே அருவிக்கு மழை வேண்டும், ரோட்டுக்கு மழை வேண்டாம். இதை எந்த இலாகாவுக்கு எழுதுவது என்று மட்டும் என்னிடம் கேட்கவில்லை.

ஐப்பசி கடைசி வாரம், அவருடைய மனைவி யாரையும் கேட்காமல் போடிமெட்டில் ரூம் போட்டுவிட்டார். என்னையும் கூட வரச்சொன்னார்கள், சாட்சிக்கு. அதிகாலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் எங்களை முந்திக்கொண்டு ஏறின. பின்கம்பியைப் பிடித்து நின்ற ஒரு அம்மா, வெற்றிலையைத் துப்பிவிட்டு எங்கள் காரைப் பார்த்த பார்வையில் ரேட்டிங் எதுவும் தெரியவில்லை. வளைவுக்கு வளைவு ஆணையர் கண்ணாடியை இறக்கி, "இங்கேயே நல்லாத்தான் இருக்கு, இங்க ரூம் கெடையாதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மேலே போனபோது பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒரே வெள்ளை. செக்போஸ்ட் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் கடைக்காரரிடம் கேட்டார்:

"ஏங்க, வட்டவடைன்னு ஒரு ஊரு சொல்றாங்களே, அங்க இந்நேரம் மஞ்சு இருக்குமா?"

கடைக்காரர் பாய்லரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது இருக்கட்டும் சார். ஒங்களுக்கு டீயா, காப்பியா?"

ஆணையர் யோசித்தார். "ரெண்டுல எது நல்லாருக்கும்?"

"அவருக்கும் டீயே குடுங்க" என்றார் மனைவி.