கையெழுத்தும் கல்லாவும்

கேள்வி: எழுத்தாளர் கூட்டம் நடத்தும் புத்தகக் கடைகளுக்கு அதனால் வியாபாரம் ஆகிறதா? (பெங்களூர் தொம்மலூர் வாசகர்)

பதில்: நாற்காலி நிறைகிறது, கல்லா நிறைவது வேறு கதை. உங்களுக்குப் பக்கத்து இந்திராநகரில் ‘ஆட்ட கலாட்டா’ இருக்கிறதே, சுபோத் சங்கரும் லட்சுமி சங்கரும் கோரமங்களாவில் தொடங்கிய கடை. இந்திய மொழிப் புத்தகங்களுக்கு அலமாரி கொடுத்ததோடு, கவிதை வாசிப்பு, நாடகம், கதைசொல்லல் என்று மேடையும் போட்டார்கள். தள்ளுபடியில் இணையக் கடையோடு மோத முடியாது. ஆனால் பார்சல் கொண்டுவரும் தம்பியிடம் ஆசிரியரின் கையெழுத்து கேட்க முடியுமா? கையெழுத்து வாங்கியவர் அந்தப் பிரதியைப் பழைய புத்தகக் கடையில் போடவும் தயங்குவார். ‘அன்புடன்’ என்று இவர் பெயரல்லவா உள்ளே இருக்கிறது!

கேள்வி: கூட்டமே போடாமல் கடை நடத்த முடியாதா?

பதில்: பெங்களூரின் பிரீமியர் புக் ஷாப்பை அதன் உரிமையாளர் ஷான்பாக் 2009 வரை அப்படித்தான் நடத்தினாரே! அங்கே மேடை எங்கே போடுவது? ஆள் நுழையவே புத்தகங்கள் வழிவிட வேண்டும். வாசகரின் ருசி தெரிந்து எடுத்துக் கொடுப்பார். அதுவே கூட்டம்தான், ஒரு நபர் கூட்டம்.

கேள்வி: தொம்மலூருக்குள்ளேயே எழுத்தாளர் கூட்டம் ஒன்றும் நடப்பதில்லையா?

பதில்: பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர் இருக்கிறது. 2019இல் சொந்தக் கட்டடம் வந்தது. பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் கிடையாது. தமிழில்தான் வேண்டும் என்று பிடிவாதமா? சொக்கநாதசுவாமி கோயிலுக்கு நடந்துபோய்ப் பழைய தமிழ்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஆசிரியர் வரமாட்டார். கேள்வி நேரத்தில் மைக்கைப் பிடித்துச் சொந்தக் கவிதை வாசிப்பவரும் வரமாட்டார்.