பேஸ்பால் மைதானங்களின் ஐந்திணைப் பாகுபாடு: ஒரு முன்னாய்வு

அமெரிக்காவிலும் கனடாவிலுமாக முதல்தரப் பேஸ்பால் அணிகள் 30. அணிக்கு ஒரு மைதானம். முப்பதையும் நேரில் பார்த்துவிடுவது அங்கே பலருக்கு நூற்றெட்டுத் திருப்பதி சேவிப்பதற்கு நிகரான விரதம். சேவித்து முடித்தவர் சும்மா இருப்பதில்லை; உடனே பட்டியல் போடுகிறார். காட்சிக்கு இத்தனை மதிப்பெண், தீனிக்கு இத்தனை, வண்டி நிறுத்துமிடத்துக்கு இத்தனை, கழிப்பறை வரிசைக்கு இத்தனை கழிவு. கூட்டிப் பார்த்தால் எப்படியோ அவரவர் சொந்த ஊர் மைதானம் முதல் மூன்றுக்குள் வந்துவிடுகிறது.

இந்தப் பட்டியல் நெறியை இக்கட்டுரை முற்றாக மறுக்கிறது. கோளாறு கணக்கில் இல்லை, இலக்கணத்தில் இருக்கிறது. மைதானங்களுக்கான இலக்கணத்தைத் தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் எப்போதோ எழுதி வைத்துவிட்டார். அவர் பேஸ்பால் பார்த்ததில்லையே என்பாரும் உளர். இலக்கணம் வகுப்பவர் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. இன்று வகுப்பவர்களும் அதைப் பின்பற்றுவதாகத் தெரியவில்லை.

முதலில் ஆட்டம் அறியாதார் பொருட்டு ஒரு விளக்கம். பேஸ்பாலின் உள்களம் ஒரு சதுரம். நான்கு மூலைகளில் நான்கு பேஸ்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 90 அடி. பந்தெறிபவர் நிற்குமிடம் மட்டையாளர் பக்கமுள்ள பேஸிலிருந்து 60 அடி 6 அங்குலம். இவை எந்த ஊரிலும் மாறா. உள்களத்தைத் தாண்டினால் சட்டம் தளர்ந்துவிடுகிறது. வெளிச்சுவர் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில், எந்தக் கோணத்தில் என்பதெல்லாம் கட்டியவர் விருப்பம். 1958 ஜூனுக்குப் பின் கட்டும் மைதானங்களில் ஓரச்சுவர் 325 அடிக்குக் குறையக் கூடாது என்று விதி உண்டு. 2000இல் திறந்த சான் பிரான்சிஸ்கோ மைதானத்தின் வலது ஓரம் 309 அடி. விதிக்குப் புறனடை என்று ஒன்று இருப்பதை அமெரிக்கரும் அறிவர்.

கிரிக்கெட்டிலும் ஆடுகளம் 22 கெஜத்தில் நிலைத்திருக்க, எல்லை ஊருக்கு ஊர் மாறுமே எனின், அங்கே எல்லை வெறும் கயிறு. தொட்டால் பந்து செத்தது. இங்கே எல்லை சுவர். பட்ட பந்து உயிரோடு திரும்பி வரும். ஆகவே சுவரின் குணம் ஆட்டத்தின் முடிவிலும் சேரும்.

அற்றேல், திணை என்பது மைதானத்துக்கா, அணிக்கா, பார்க்கப் போகிறவனுக்கா எனின், மூன்றுக்கும் என்க. முதற்பொருள் மைதானத்துடையது. கருப்பொருள் அணியுடையது. உரிப்பொருள், அதாவது அந்தத் துயரம், டிக்கெட் வாங்கியவனுடையது.

இனி முல்லை. நிலம், சிகாகோவின் ரிக்லி மைதானம். கட்டிய ஆண்டு 1914. வெளிச்சுவர் செங்கல், அதன்மேல் முழுக்கக் கொடி. 1937இல் பில் வீக் என்பவர் நட்டுப் படரவிட்டது. அடித்த பந்து இந்தக் கொடிக்குள் புகுந்து சிக்கிக்கொள்வதுண்டு. அப்போது வெளிக்களக் காவலர் இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்க வேண்டும். நின்றால் நடுவர் வந்து பார்த்து மட்டையாளருக்கு இரண்டு பேஸ் மட்டும் கொடுப்பார். காவலர் ஆர்வக்கோளாறில் இலைக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டாலோ பந்து உயிரோடிருப்பதாகக் கணக்கு. மட்டையாளர் ஓடிக்கொண்டே இருக்கலாம். ஒரு தாவரத்துக்கு இவ்வளவு சட்டத் தகுதி கொடுத்த விளையாட்டு வேறொன்று இருந்தால் அறிஞர்கள் தெரிவிக்கலாம்.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல்: தலைவன் வருவான் என்று ஆற்றியிருத்தல். ரிக்லியில் ஆடும் சிகாகோ கப்ஸ் அணி 1908இல் பருவத்தின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றது. அடுத்து வென்றது 2016இல். இடைப்பட்ட 108 ஆண்டுகளில் தாத்தா, மகன், பேரன் என்று ஆற்றியிருந்தவர்கள் ஏராளம். சங்கத் தலைவியருள் இவ்வளவு பொறுத்தவர் எவருமில்லை. அவர்களுக்குக் கார்காலம் வரைதான் கெடு.

முல்லைக்குச் சிறுபொழுது மாலை. ரிக்லியிலோ 1988 வரை மின்விளக்கே கிடையாது. எல்லா ஆட்டமும் பகலில். எனவே இது வழு ஆகாதோ எனின், ஆகாது. மாலை வந்தும் தலைவன் வராததல்லவா முல்லை? விளக்குப் போட ஒருமுறை தளவாடம்கூட வாங்கியாயிற்று. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடக்க, உரிமையாளர் அத்தனையையும் போர்த் தேவைக்குத் தானம் செய்துவிட்டார். முல்லையில் தலைவன் எங்கே போயிருப்பான்? போருக்கு. விளக்கும் அங்கேயே போயிற்று.

கடைசியில் 1988 ஆகஸ்ட் 8 அன்று முதல் இரவு ஆட்டம். விளக்குகள் எரிந்தன, கூட்டம் ஆர்ப்பரித்தது. நான்காவது இன்னிங்ஸ் முடிவதற்குள் மழை கொட்டி ஆட்டம் ரத்தாயிற்று. மாலையும் காரும் ஒரே இரவில் கூடி வந்த இந்த நிகழ்ச்சியைத் தற்செயல் என்று தள்ளுவோர் இலக்கணப் பகைவர். அவர்கள் வாயை அடைக்க 2016 இருக்கிறது. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், கிளீவ்லாந்தில். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலை. மழை. 17 நிமிடம் ஆட்டம் நின்றது. மழை விட்டதும் கப்ஸ் வென்றது. கார்காலம் வந்தது, தலைவன் திரும்பினான். தேர் மட்டும்தான் குறை.

கருப்பொருளில் விலங்கையும் சொல்லாமல் விடக் கூடாது. முல்லை ஆயர் நிலம். 1945 உலகத் தொடருக்கு ஒரு மதுக்கடைக்காரர் தம் ஆட்டுக்கிடாயையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்றம் தாங்கவில்லை என்று வெளியேற்றினார்களாம்; அவர் சாபமிட்டுப் போனாராம். அந்தச் சாபத்தால்தான் தோற்றார்கள் என்று நகரமே பல்லாண்டு நம்பியது. நிலத்துக்குரிய விலங்கை நிலத்தினின்று விலக்கினால் திணை பிறழும் என்பதே இதன் உட்பொருள்.

மருதத்துக்குப் பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க். 1912 ஏப்ரலில் திறந்தது. சதுப்பு நிலத்தை மண்ணிட்டு நிரப்பி உருவான பகுதி; மருதத்துக்கு ஏற்ற ஈரம். உரிப்பொருள் ஊடல். பேப் ரூத் என்னும் பெருவீரன் இவ்வூர்த் தலைவனாயிருந்தவன். 1919ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் அவனை உரிமையாளர் 1 லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றுவிட்டார். தலைவன் பக்கத்து ஊர்ச் சேரிக்குப் போனான். போன இடத்தில் செழித்தான். 1918இல் வென்ற பாஸ்டனுக்கு அடுத்த வெற்றி 2004இல்தான். 86 ஆண்டு ஊடல்! இன்றும் அங்கே யாங்கீஸ் சட்டை அணிந்து போகிறவர், தோழியரும் செவிலியரும் ஒருங்கே திரண்டு பேசுவதைக் கேட்கலாம்.

ஊடலில் தலைவி வாயில் மறுப்பாள். ஃபென்வேயில் அதைச் செய்வது இடதுபுறச் சுவர்: 37 அடி உயரம், முழுக்கப் பச்சை, 'பச்சைப் பூதம்' என்று பெயர். வேறெங்கும் சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகிப் போகவேண்டிய பந்தை இது மார்பில் வாங்கித் திருப்பி அனுப்பும். அந்த ஓரம் 310 அடிதான் என்பதால், வேறெங்கும் சாதாரணமாகப் பிடிபடும் பந்து இங்கே சுவரைத் தாண்டியும் போகும். ஊடும் பெண்ணிடம் ஒழுங்கு தேடக் கூடாது. சுவருக்குள்ளேயே ஆள் இருந்து ஓட்ட எண்ணிக்கையைக் கையால் மாட்டுகிறார். அந்த எண்ணிக்கைப் பலகையில் முன்னாள் உரிமையாளர் தம்பதியின் பெயர் முதலெழுத்துகள் மோர்ஸ் குறியீட்டில் எழுதியிருக்கின்றன. தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் தவிர யாரும் படிக்கப் போவதில்லை.

பார்க்கப் போகிறவனின் அனுபவம் எத்தகையது எனின், கடினமானது. மர இருக்கைகள் குறுகல். ஒடிசலான அந்தக் காலத்து மனிதர்களுக்கு அளவெடுத்தவை. பல இருக்கைகளுக்கு முன்னால் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண். தூணுக்குப் பின்னால் அமர்ந்தவன் பந்தெறிபவரையோ மட்டையாளரையோ, யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். இருவரையும் பார்க்க விரும்புகிறவனுக்கு இரண்டாம் நாள் டிக்கெட் உண்டு. வலதுபுற மேட்டில் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பு. 1946 ஜூன் 9 அன்று டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி கடந்து வந்து விழுந்த இடம் அது. அங்கிருந்த ரசிகரின் வைக்கோல் தொப்பியில் விழுந்தது. நடுகல் என்றே கொள்க. வீழ்ந்தது வீரனல்ல, தொப்பி என்ற வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொள்க.

குறிஞ்சியில் அதிகம் தங்க வேண்டியதில்லை. டென்வரின் கூர்ஸ் மைதானம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் உயரம். மேல்தட்டில் இருபதாவது வரிசை சரியாக 5,280 அடியில் வருகிறது என்று அந்த வரிசை இருக்கைகளுக்கு மட்டும் ஊதா நிறம் பூசியிருக்கிறார்கள். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும், இங்கே நாள்தோறும். உரிப்பொருள் புணர்தல். மலைக்காற்று மெலிந்தது, பந்து தடையின்றிப் பறந்து பார்வையாளர் மடியில் சேரும். இந்தப் பழக்கம் எல்லை மீறவே 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறைக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். குறிஞ்சியில் களவு வெளிப்பட்டபின் இற்செறிப்புத்தானே முறை?

நெய்தல் என்றால் இன்று எல்லோரும் சான் பிரான்சிஸ்கோவின் ஓரக்கிள் பார்க்கைக் காட்டுவார்கள். வலதுபுறச் சுவருக்கு வெளியே விரிகுடாத் தண்ணீர். சிறு படகுகளில் மிதந்தபடி ஹோம் ரன் பந்துக்குக் காத்திருப்போர். ஆட்டம் முடியும் நேரம் தெரிந்து வந்திறங்கும் கடற்காக்கைகள். உணவு, பூண்டு போட்ட உருளைக்கிழங்கு வறுவல். அதைத் தின்றவர் பக்கத்தில் அமர்வதைவிடத் தாமும் தின்றுவிடுவது பாதுகாப்பு. நிலமும் கருவும் குறைவின்றி இருந்தும், இதனை நெய்தல் என்று நாம் கொள்ளவில்லை. அங்கே எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். நெய்தலுக்கு உரியது இரங்கல்.

உண்மை நெய்தல் அதே ஊரின் பழைய மைதானமான கேண்டில்ஸ்டிக் பார்க். 1960இல் திறந்தது. விரிகுடாக் கரையில், பிற்பகலில் கிளம்பும் காற்றுக்கு நேர் எதிரே கட்டினார்கள். 1961இல் நட்சத்திர ஆட்டக்காரர்களின் ஆண்டு ஆட்டத்தில் ஸ்டூ மில்லர் பந்தெறியத் தயாராகும்போது காற்று அவரையே அசைத்துவிட, நடுவர் அதை ஆட்டக்காரரின் குற்றமாக எழுதினார். கோடைகாலத்தில் போர்வையோடு போக வேண்டிய மைதானம் அது. இரவில் கூடுதல் இன்னிங்ஸ் வரை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நிர்வாகமே போர்ப் பதக்கம் போல ஒன்று கொடுத்தது. வந்தோம், கண்டோம், பிழைத்தோம் என்ற பொருளில் அதில் லத்தீன் வாசகம். தன் வீட்டுக்கு வந்த விருந்தினர் உயிரோடு திரும்பியதைப் பாராட்டிப் பதக்கம் கொடுத்த நேர்மையை வேறெந்த மைதானத்திலும் காணோம்.

கைக்கிளை, பெருந்திணை இரண்டையும் ஒதுக்கிவிடலாம் என்று ஒருசாரார் கூறுவர். ஒதுக்கினால் 1970களை எங்கே வைப்பது? பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, ஃபிலடெல்பியா மூன்றிலும் 1970, 71இல் வட்டமான கான்கிரீட் மைதானங்கள் எழுந்தன. அமெரிக்கக் கால்பந்துக்கும் பேஸ்பாலுக்கும் பொது; தரை செயற்கைப் புல்; தூண் கிடையாது, மறைப்பு கிடையாது, கோணல் கிடையாது. எந்த ஊரில் நின்று ஆடுகிறோம் என்று தெரியவில்லை என்று ஆட்டக்காரர்களே கேலி செய்தார்கள். ரசிகன் அன்பு காட்டினான், மைதானம் திரும்பிப் பார்க்கவில்லை. இது கைக்கிளை. 2001, 2002, 2004 என்று வரிசையாக வெடிவைத்துத் தகர்த்தபோது வேடிக்கை பார்க்க நல்ல கூட்டம். பால்டிமோரில் 1992இல் கேம்டன் யார்ட்ஸ் திறந்தபோதுதான், செல்லரித்த ஏட்டைத் தேடியெடுத்துப் பதிப்பித்தாற்போல, பழைய செங்கல்லும் கோணலும் திரும்ப வந்தன. ஆயிரம் அடிக்கு மேல் நீளமுள்ள ரயில்வே கிடங்கு ஒன்றை இடிக்காமல் வலதுபுறத்தில் அப்படியே நிற்கவிட்டிருக்கிறார்கள். பாடம் சிதையாமல் பதிப்பித்த நல்ல பதிப்பு.

பெருந்திணை ஹூஸ்டனுக்கே உரியது. 1965இல் அங்கே ஆஸ்ட்ரோடோம்: முழுக் கூரையிட்ட முதல் பேஸ்பால் மைதானம். உள்ளே இயற்கைப் புல், மேலே கண்ணாடிபோல் ஒளி விடும் பலகைகள். கூச்சத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. பலகைக்கு வர்ணம் பூசினார்கள். வெயிலின்றிப் புல் செத்தது. அடுத்த ஆண்டு செயற்கைப் புல் வந்தது. 1976 ஜூன் 15 அன்று, கூரைக்குக் கீழே இருந்தும், மழையால் ஆட்டம் ரத்தாயிற்று. தெருக்களில் வெள்ளம்; வீரர்கள் உள்ளே, நடுவர்கள் வெளியே. 2000இல் அதே ஊரில் கட்டிய புது மைதானத்தில், குறை இருந்தால்தான் அழகு என்று எங்கோ கேள்விப்பட்டு, நடு வெளிக்களத்தில் வேண்டுமென்றே ஒரு மேட்டையும் அதில் ஒரு கொடிக்கம்பத்தையும் வைத்தார்கள், ஆட்டத்துக்குள்ளேயே. பொருந்தாக் காமம். 2016 பருவம் முடிந்ததும் எடுத்துவிட்டார்கள்.

பாலையைக் கடைசிக்கு வைத்தோம், ஏனெனில் பாலைக்குத் தனி நிலம் இல்லை. அணி பிரிந்துபோனால் எந்த மைதானமும் பாலையாகும். புரூக்ளின் டாட்ஜர்ஸ் 1957 பருவத்தோடு லாஸ் ஏஞ்சலஸுக்குப் புறப்பட்டது. எபெட்ஸ் ஃபீல்டை 1960இல் இடித்தார்கள், இடிக்கும் குண்டுக்குப் பேஸ்பால் போலவே வர்ணம் தீட்டி. பிரிதல் அந்த அணியோடு கூடவே போனது போலும். லாஸ் ஏஞ்சலஸ் ரசிகர்கள் மூன்றாம் இன்னிங்ஸில் வந்து ஏழாவதில் கிளம்பிவிடுவார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. 1988 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் நொண்டிக்கொண்டு வந்த கிர்க் கிப்சன் கடைசி நேர ஹோம் ரன் அடித்தபோது, பந்து போன திசையில், வெளியேறிக்கொண்டிருந்த கார்களின் சிவப்பு விளக்குகள் ஒளிப்பதிவிலேயே தெரிகின்றன.

ஓக்லாந்து அதைவிடக் கொடிது. 1968 முதல் அவ்வூர் மைதானத்தில் ஆடிய அணியின் உடைமாற்றும் அறைக்குள் 2013இல் சாக்கடை பொங்கி வந்தது. 2023இல் வர்ணனையாளர் அறையில் பொசம் என்னும் விலங்கு குடியேறியது. இத்தனைக்கும் பிறகு, 2024 செப்டம்பர் 26 அன்று கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்தார்கள். ஆட்டம் முடிந்து மைதானத்து மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். தீனிக்கும் கழிப்பறைக்கும் மதிப்பெண் போடும் பட்டியல் சித்தாந்திகள் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்று அறிய ஆவல்.

அந்த அணி இப்போது சாக்ரமென்டோவில் தற்காலிகமாக ஒண்டியிருக்கிறது. போய்ச் சேரவிருக்கும் இடம் லாஸ் வேகாஸ், அசல் பாலைவனம். பாலைக்கு நிலமில்லை என்ற விதிக்கு வந்த நேரடி இடர்ப்பாடு இது. அங்கே எழும் மைதானத்துக்கு நிரந்தரக் கூரையும் குளிர்சாதனமும் உண்டாம். குளிரூட்டிய பாலைக்குச் சிறுபொழுது நண்பகலா, யாமமா என்று பொருளதிகாரத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம். உரையாசிரியர்கள் எவரும் இதுவரை ஒத்துழைக்கவில்லை.