முதலில் காற்றை விடுங்கள், பூட்டு பிறகு

கே: ‘டிஃப் லாக்’, ‘டிஃப் லாக்’ என்று எங்கள் அறையில் எல்லாரும் பேசுகிறார்கள். அது என்ன ஐயா? (ஷார்ஜா)

ப: நம்மூர் உற்சவத்தில் சுவாமி பல்லக்கு வீதி மூலையில் திரும்பும் காட்சியைச் சற்று நினைவுக்குக் கொண்டு வாருங்கள். உள்பக்கத்துத் தோள்காரர்கள் நின்ற இடத்திலேயே அடி மாற்றி வைக்க, வெளிப்பக்கத்தார் எட்டி எட்டி நடக்க, மூர்த்தி அசையாமல் திரும்புகிறாரல்லவா? காரின் இரண்டு சக்கரங்களுக்கு அந்தச் சௌகரியத்தைச் செய்து தருவதே டிஃபரன்ஷியல் என்னும் யந்திரம். 1828-இல் பிரான்ஸ் தேசத்துப் பெக்கர் என்பவர் காப்புரிமை பெற்ற இந்த உபாயம் தார்ச்சாலையில் தெய்வ கடாட்சம், பாறையில் பெருந்தொல்லை. ஏனெனில் அது இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையையே கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கி, எதிர்ப்பே இல்லாமல் வீணாகச் சுழலும்போது, தரையில் ஊன்றி நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அதே அற்ப விசைதான் கிட்டுகிறது. எஞ்சின் எத்தனை குதிரைச்சக்தி உடையதாயினும் வண்டி நகராது. அப்போது இரு சக்கரங்களையும் ஒரே அச்சாகப் பிணைத்து, ‘சேர்ந்து சுழலுங்கள்’ என்று கட்டளையிடுவதே டிஃப் லாக் என்னும் லாக்கர்.

கே: நிசான் பேட்ரோலா, லேண்ட் குரூஸரா? (அபுதாபி)

ப: கடன் பாக்கி இல்லாமல் உங்கள் பெயரில் நிற்பது எதுவோ, அது.

கே: லாக்கர் போட்டால் மைலேஜ் கூடுமா? (அஜ்மான்)

ப: கூடாது.

கே: ஹத்தா சாலையில் பதாயரில் உள்ள ‘பிக் ரெட்’ மணல்மேட்டில் நண்பர் ஏறுகிறார், நான் பாதியில் புதைகிறேன். லாக்கர் போட்டுவிடட்டுமா? (துபாய்)

ப: அன்பரே, இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வாரமாகக் காத்திருந்தேன்! பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, டயரிலிருந்து காற்றை விடுங்கள். 35 பவுண்டு அழுத்தத்தோடு மணலில் இறங்கும் டயர் மண்வெட்டியைப் போல் பள்ளம் தோண்டும். அதையே 15 பவுண்டுக்கு இறக்கிப் பாருங்கள். வால்வு முனையில் ‘உஸ்’ஸென்ற நாதம் எழ, விறைத்து நின்ற டயர், பந்தியில் சப்பணமிட்டு உட்காரும் பெரியவரைப் போல மெல்ல நீண்டு படர்ந்து, மணலைக் குத்தாமல் அதன்மேல் அமரும். மென்மணலில் பெரும்பாலும் இரு சக்கரங்களும் ஒன்றாகவே புதைவதால், ஒன்றை மற்றதோடு பிணைத்து அங்கே லாபம் அதிகமில்லை. சீரான வேகமும் தணிந்த காற்றுமே அங்கே தாரக மந்திரம். மிகவும் இறக்கிவிட்டால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் என்பதையும், தார்ச்சாலைக்குத் திரும்பியவுடன் கம்ப்ரஸரை வைத்து மீண்டும் காற்று நிரப்பாவிட்டால் வளைகுடாவின் வெயிலில் டயர் சூடேறி வெடிக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

கே: ஒட்டகத்துக்கு டிஃபரன்ஷியல் உண்டா? (அல் ஐன்)

ப: நாலு காலுக்கும் நாலு தனிப் புத்தி உண்டு; அது போதாதா? மேலும் அதன் பாதத்தைப் பாருங்கள். மிதித்த மாத்திரத்தில் விரிந்து பரவும் அந்த மெத்தை, சென்ற பதிலில் நான் தொண்டை வறளச் சொன்ன 15 பவுண்டு சித்தாந்தத்தைச் சிருஷ்டியிலேயே கற்று வந்தது. 1946 முதல் 1948 வரையில் ரப் அல் காலி என்னும் அந்த மகா பாலையை இருமுறை கடந்த ஆங்கிலேயப் பயணி தெசிஜர், அதை ஒட்டகத்தோடும் பெதுவின நண்பர்களோடும்தான் கடந்தார்.

கே: முன்னச்சில் போடுவதா, பின்னச்சிலா? (ராஸ் அல் கைமா)

ப: ஒன்றுக்குத்தான் பணமிருக்கிறதென்றால், யோசனையே வேண்டாம், பின்னச்சுக்கு. மேடேறும்போது பாரமெல்லாம் பின்னோக்கிச் சாய்வதால் அங்கேதான் பிடிப்பு அதிகம். முன்னச்சைப் பூட்டினால் ஸ்டியரிங் கல்லாய்க் கனத்துப் போகும். ஆகவே நேராகச் செல்லும்போது மாத்திரம் அதைப் பிரயோகியுங்கள். உங்கள் ஊர் ஹஜர் மலையின் வாதி என்னும் பள்ளத்தாக்குகளில், ஒரு சக்கரம் பாறைமேலும் மறு சக்கரம் ஆகாயத்திலுமாக வண்டி நிற்கும்போதுதான் லாக்கர் தன் கூலியைச் சம்பாதிக்கிறது. மணல்மேட்டின் பக்கச் சரிவில் குறுக்காகச் செல்லும்போது மட்டும் தயவுசெய்து அதைத் திறந்து வையுங்கள். இரு சக்கரமும் ஒருசேர வழுக்கினால் வண்டியே பக்கவாட்டில் சறுக்கிவிடும்.

கே: எந்தப் பட்டறையிலும் மாட்டிக்கொள்ளலாமா? (முசஃபா)

ப: கூடவே கூடாது. காற்றால் இயங்கும் லாக்கரில் கம்ப்ரஸரும் மெல்லிய குழாயும் ஸ்விட்சும் வெளியே தெரியும் அலங்காரம். உயிர் இருப்பது ஹவுசிங்குக்குள்ளே. கிரௌன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இடைவெளி நிற்க வேண்டும். நல்ல மிஸ்திரி பல்லின்மேல் மஞ்சள் பசையைத் தடவி, கையால் சுழற்றி, தடம் பல்லின் நடுவே விழுகிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். விலகியிருந்தால் ஷிம் தகட்டை மாற்றி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். மஞ்சள் பசை இல்லாத பட்டறையில் என் வண்டியை ஒருமுறை விட்டேன். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அது நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதத் தொடங்கியது; மூன்று மாதத்தில் பற்கள் தேய்ந்தே போயின. அந்தப் பசையைக் கண்ணால் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.

கே: ஊருக்குத் திரும்பிவிட்டேன். தேரிக்காட்டில் ஓட்ட இங்கே லாக்கர் வண்டி உண்டா? (திருச்செந்தூர்)

ப: ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் ஆலையிலேயே பொருத்தி வருகிறது. ஆனால் அந்தச் செம்மணலில் காலால் நடப்பதே அழகு.

கே: மழை நாளில் வாதியைக் கடக்க லாக்கர் உதவுமா? (ஃபுஜைரா)

ப: உதவாது. தண்ணீர் வண்டியைத் தூக்கிவிட்டால் பூட்டிய சக்கரமும் பூட்டாத சக்கரமும் ஒன்றே. வெள்ளம் ஓடும் பள்ளத்தாக்கில் நுழைந்தால் 2000 திர்ஹம் அபராதம், 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல் என்று 2023-இல் அரசு விதித்தது, உங்கள் உயிருக்காகத்தான்.

கே: என் கணவர் விடுமுறை நாளில் தனியாகவே பாலைவனம் போகிறார். லாக்கர் போட்டாகிவிட்டது, பயமில்லை என்கிறார். எனக்குத் தூக்கம் வருவதில்லை. (கீழக்கரை)

ப: சகோதரி, உங்கள் பயமே நியாயமானது. லாக்கர் வண்டியை இன்னும் சற்றுத் தூரம், மனித சஞ்சாரமற்ற இன்னும் ஆழமான இடத்துக்குக் கொண்டு சேர்க்கும். அங்கே அச்சு முறிந்தால் இழுக்க மற்றொரு வண்டி வேண்டும், அதற்கு லாக்கர் ஈடாகாது. இன்று இரவு தொலைபேசியில் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்: துணை வண்டியின்றி மணலில் இறங்கக் கூடாது. நாளுக்குத் தேவையானதைப் போல் இரு மடங்கு தண்ணீர் இருக்க வேண்டும். எந்தத் திசையில் போகிறார், எத்தனை மணிக்குள் திரும்புவார் என்பது உங்களுக்கும் அறைத் தோழருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வண்டி நின்றுவிட்டால் அதன் நிழலை விட்டு நடந்து போகக் கூடாது. தேடி வருவோரின் கண்ணுக்கு மனிதனைவிட வண்டிதான் முதலில் தெரியும். போலீஸ் எண் 999. அதை அவர் டாஷ்போர்டில் எழுதி ஒட்டட்டும். ஒட்டிய படத்தை உங்களுக்கு அனுப்பிய பிறகே வண்டியைக் கிளப்பட்டும்.