பத்தொன்பது அங்குலச் சத்தியம்

அளவு என்று ஒன்றுமே இல்லாத காலத்தில் எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தின. உலகம் முழுக்க ஒரே அளவு என்று சத்தியம் பண்ணிக்கொடுத்த பிறகுதான் இந்தப் பாடு.

எங்கள் ஊர் சேந்தமங்கலம் அப்போது சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 1997-இல். பள்ளிக்கூடம் லீவு விட்டால் டவுன் பஸ் ஏறி, நாமக்கல்லில் மாமா வேலை பார்த்த லாரி பாடி பட்டறைக்குப் போய்விடுவேன். கம்பெனியிலிருந்து வரும் சேசிஸில் இன்ஜின், சக்கரம், நீளவாக்கில் இரண்டு சட்டம், இவ்வளவுதான் இருக்கும். கேபின்கூடக் கிடையாது. வெயிலில் அதை ஓட்டிக்கொண்டு வரும் டிரைவர் தலையோடு முகத்தையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருப்பார். சட்டத்தின்மேல் மரக்கட்டை வைத்து, யூ போல்ட்டால் கவ்விப் பிடித்து, அதற்குமேல் பாடி எழும்பும்.

ஓட்டை நேர்படவில்லையென்றால் அங்கே யாரும் எந்தக் கம்பெனிக்கும் கடுதாசி எழுதியதில்லை. மாமா காதில் செருகிய சாக்பீஸை எடுத்து ஒரு கோடு கிழிப்பார். "ஓட்டைய ஓவலாக்கு கண்ணு, வாசரு போட்டா மூடிக்கும்." மூடிக்கொள்ளும். அந்த லாரி அஸ்ஸாமுக்கு லோடு அடித்துவிட்டுத் திரும்பியும் வரும்.

நான் இப்போது கோழித் தீவனம், முட்டைக் கணக்கு பார்க்கும் ஒரு அலுவலகத்தின் சர்வர் அறைக்குப் பொறுப்பு. ஏசி ஓடுகிறது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். நடுவில் நிற்பது சர்வர்களை மாட்டும் ரேக். அதன் வம்சாவளி 1920-களில் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியான ஏடி&டி தன் கருவிகளை மாட்ட வைத்திருந்த சட்டத்தில் தொடங்குகிறது. பின்னால் இஐஏ-310 என்று முறைப்படி தரம் வகுத்தார்கள். முகப்பு அகலம் 19 அங்குலம். உயரத்துக்கு யூ என்று ஒரு கணக்கு. ஒரு யூ 44.45 மில்லிமீட்டர். ஒவ்வொரு யூவுக்கும் மூன்று ஓட்டை. இந்த ஓட்டைகள் சம இடைவெளியில் இல்லை: 15.9, 15.9, அப்புறம் 12.7. ஒரு ஓட்டை தள்ளி ஆரம்பித்தால் மேலே வரும் பெட்டி உட்காராது. சதுர ஓட்டையில் கேஜ் நட்டைச் செருகுவது தனி வித்தை. கூண்டுக்குள் இருக்கும் நட்டின் ஸ்பிரிங் தகட்டை ஒருபக்கம் மாட்டி, மறுபக்கத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்த வேண்டும். வழுக்கினால் விரல்நுனி போச்சு.

இத்தனை நுணுக்கமாக வகுத்தவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். முன்தூணுக்கும் பின்தூணுக்கும் நடுவே எவ்வளவு ஆழம், அந்த ஆழத்தில் சர்வரைத் தாங்கும் ரெயில் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவரவர் இஷ்டம். கம்பெனிகளும் இஷ்டத்துக்கு மேலேயே செய்தன.

அலுவலகத்தில் சிக்கனம் என்று பழைய சர்வர் ஒன்றை வாங்கினார்கள். விற்றவர் பெட்டியை மட்டும் அனுப்பினார். ரெயில் தேடப் போனால் விசாரணை தொடங்கிவிடும். எந்த மாடல்? எத்தனையாவது தலைமுறை? ரேக்கில் சதுர ஓட்டையா, வட்டமா, மரை போட்டதா? வெளியே இழுக்கிற ரெயிலா, அப்படியே நிற்கிற ரெயிலா? எச்பிஇ-யில் ஒரே மாடலாக இருந்தாலும் ஹார்ட் டிஸ்க் இரண்டரை அங்குலமா மூன்றரையா என்பதைப் பொறுத்து ரெயில் மாறும். டெல்லில் ஏ7, பி6 என்று குறியீடு. ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவர்கூடப் பத்தோடு நிறுத்திக்கொள்வார். கடைசியில் சொன்ன விலையைக் கேட்டு மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

வேறொரு சர்வரின் ரெயிலை மாமாவிடம் காட்டினேன். வயசாகிவிட்டது, பட்டறைக்குப் போவதில்லை. ஆனால் இரும்பைக் கண்டால் கண் மினுங்கும். இழுத்துப் பார்த்தார், பேரிங் குண்டுகளை நகத்தால் தடவினார்.

"மூணு தகடு, நாலு குண்டு. இதுக்கா இவ்வளவு ரூபா?"

"பெட்டி இருவத்தஞ்சு முப்பது கிலோ இருக்கும் மாமா. முழுசா வெளிய இழுத்தா அந்தரத்துல தொங்கோணும். பெட்டியோட ரெண்டு பக்கமும் இருக்கற முளை இந்தத் தொளைல கரெக்டா உக்காரோணும்."

"எதுக்கு வெளிய இழுக்கறீங்க? கீழ முட்டுக் குடுத்துட்டாப் போச்சு."

சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதைத்தான் கம்பெனிக்காரர்கள் 'யுனிவர்சல் ரெயில்' என்று பெயர் வைத்து விற்கிறார்கள்: இரண்டு எல் ஆங்கிள், மேலே பெட்டியை வைத்துக்கொள்ளலாம். மூடியைத் திறக்க வேண்டுமென்றால் சர்வரை நிறுத்தி, இரண்டு பேர் தூக்கிக் கீழே இறக்க வேண்டும். லாரியில்கூட இப்போது இஷ்டத்துக்குக் கட்டும் சுதந்திரம் இல்லை. பாடி கட்டவும் ஏஐஎஸ்-093 என்று விதி வந்துவிட்டது.

கடைசியில் சர்வருக்கு அதன் மாடல் எண்ணைச் சொல்லி உரிய ரெயிலையே வரவழைத்தோம். வாங்குமுன் தூணுக்குத் தூண் டேப் பிடித்து அளந்தது நான். யூபிஎஸ் பேட்டரிகளுக்கு மட்டும் மாமாவின் பழைய பட்டறையிலேயே எல் ஆங்கிளில் தட்டு அடித்து வாங்கினேன். ஒரு சாயங்கால வேலை. ஒரு ஓட்டை தள்ளியிருந்தது. ஓவலாக்கி, வாசர் போட்டார்கள். அசையவில்லை. தணிக்கைக்கு வந்தவர்தான் கணினிச் செலவு ஃபைலில் லாரி பாடி பட்டறை ரசீது எதற்கு என்று விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்.