எழுபது வளைவுப் பெரியப்பா

நாமக்கல், ராசிபுரம், சேலம் பக்கத்துக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு கொல்லிமலைப் பெரியப்பா உண்டு. சில வீடுகளில் அவர் தாய்மாமனாக இருப்பார், சில வீடுகளில் ஓய்வுபெற்ற டீச்சர் அத்தையாக இருப்பார். உறவுமுறைதான் வேறு, வேலை ஒன்று: ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு மொத்தக் குடும்பத்தையும் வண்டியில் அடைத்து மலைக்கு ஏற்றுவது.

மற்ற மாதங்களில் அவர் சாது. பேப்பர் படிப்பார், சர்க்கரை இல்லாத காபி குடிப்பார், டிவி ரிமோட்டைக் கேட்டால் கொடுத்துவிடுவார். ஆனி முடியப் போகிறது என்றதும் குரல் மாறிவிடும். “என்னப்பா, பதினெட்டுக்கு மலைக்குப் போறம்தானே?” என்பார். கேட்பதற்குக் கேள்விபோல இருக்கும். பதில் சொல்ல முயன்றவர்களுக்குத்தான் அது கேள்வி இல்லை என்று தெரியும்.

அவருடைய சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி: “வழக்கத்தை மாத்தக் கூடாது கண்ணு.”

எது வழக்கம்? அடுத்தடுத்து இரண்டு வருஷம் நடந்த எதுவும் வழக்கம். ஒரு வருஷம் அடிவாரத்துக் காரவள்ளியில் வேன் பஞ்சர் ஆனது. டிரைவர் டயர் மாற்றுகிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று கட்டுச்சோற்று மூட்டையைப் பிரித்தார்கள். மறுவருஷம் டயர் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அதே புளியமரத்தடியில் வண்டி நின்றது. இன்றைக்குப் புதிதாக வந்த மருமகள், “மேல போய்ச் சாப்பிடலாமே மாமா, இப்ப மணி ஏழரைதானே?” என்று கேட்டால், “காலங்காலமா நம்ம குடும்பம் காரவள்ளியிலதாம்மா சாப்பிடறது” என்று பதில் வரும். எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983-இல் ஒரு நூலைத் தொகுத்தார்கள். புராதனம் என்று உலகம் கும்பிடும் பல மரபுகள் அண்மையில் உருவாக்கப்பட்டவை என்பது அதன் சாரம். ஸ்காட்லாந்துக்காரர்களின் கட்டம் போட்ட பாவாடைவரை அதில் அலசியிருக்கிறார்கள். பெரியப்பாவைப் பார்த்திருந்தால் அத்தனை பக்கம் தேவைப்பட்டிருக்காது. ஒரு பஞ்சர் போதும்.

மலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பலகை உண்டு. முன் இருக்கையில் அமர்ந்து அவற்றை உரக்க வாசிப்பது பெரியப்பாவின் பிறப்புரிமை. பின் இருக்கையில் எலுமிச்சம்பழம் கைமாறிக்கொண்டே இருக்கும். எப்படியும் ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் தேடுவான். பெரியப்பா பதற மாட்டார். “எத்தனாவது வளைவு? முப்பத்தொண்ணா? உங்கப்பன் இருபத்தேழுலயே எடுத்துட்டான். பரவால்ல, தலைமுறைக்குத் தலைமுறை முன்னேற்றம்தான்” என்று குடும்ப வரலாற்றைப் புதுப்பிப்பார்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரிக்கு இங்கே ஆடி 17, 18 தேதிகளில் அரசு விழா எடுக்கிறது. மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும். சிலையைக் கண்டால் பெரியப்பாவுக்குக் கதை சொல்லியாக வேண்டும். வன்பரணர் புறநானூற்றில் பாடியபடி, ஓரி விட்ட ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்துக்கொண்டு போய்ப் புற்றிலிருந்த உடும்பில் தைத்தது. வன்பரணர் அதோடு நிறுத்திக்கொண்டார். பெரியப்பா கேட்பவர்களின் கூட்டத்தைப் பொறுத்து ஒரு கரடியையும் இரண்டு முயலையும் சேர்த்துக்கொள்வார். “தாத்தா, போன்ல முயல் இல்லியே” என்று பேரன் திரையை நீட்டினால், “ஓரி காலத்துல ஏதுடா போனு?” என்று வாயை அடைத்துவிடுவார்.

“நாமக்கல் மாவட்டம் பொறக்கறதுக்கு முன்னாடியே நாங்க வந்தவங்க” என்பது சோளக்காட்டில் பலாப்பழம் விலை பேசும்போது அவர் எடுக்கும் ஆயுதம். மாவட்டம் பிறந்தது 1997-இல். பழக்காரம்மா அதற்காகப் பத்து ரூபாயும் குறைப்பதில்லை. ஆனாலும் பழம் வண்டியில் ஏறும். இறங்கும்போது அதே எழுபது வளைவிலும் அது மணக்கும்.

இத்தனை உறுதியான மனிதரின் கண்ணெதிரே என்னவெல்லாம் மாறிவிட்டது! ஆளுக்கு மேல் ஆள் உட்கார்ந்து போன மெட்டாடர் வேன் போய், நான்கு கார்கள் வந்தன. தூக்குவாளியும் வாழை இலையும் போய்ப் பிளாஸ்டிக் டப்பா வந்தது. “எவ்வளவு சுளுவு பாரு” என்று அதைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்தவரே அவர்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்து, பரணிலிருந்து தூக்குவாளி இறங்கியபோது, “நான் அப்பவே சொன்னேன்” என்றார். யாரிடம், எப்போது என்று கேட்கிற துணிவு எவருக்கும் இல்லை.

பிறகு ரிசார்ட் வந்தது. நீச்சல் குளம் இருக்கிறது என்று பேத்திகள் குதித்தார்கள். “முந்நூறு அடி அருவி பக்கத்துல கொட்டுது, தொட்டித் தண்ணிக்குக் காசா?” என்று பொங்கினார். காலை உணவு வாடகையிலேயே சேர்த்தி என்று தெரிந்ததும் பொங்கல் அடங்கியது. மறுவருஷம் எட்டே முக்காலுக்கு மேலாளரைக் கூப்பிட்டு, “வழக்கமா எட்டு மணிக்குப் பூரி வந்துரும்களே” என்றார்.

ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஒரு காலத்தில் தம்பி மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கியவர் அவர். “அருவியில நனையாதவன் நம்ம வீட்டுப் பையனே இல்ல” என்பார். பின்னர் முழங்கால் முனகத் தொடங்கியது. ஒரு வருஷம் பாதிவரை போய்த் திரும்பினார். அடுத்த வருஷம் அறப்பளீஸ்வரர் கோயில் வாசலிலேயே அறிவித்தார்: “பெரியவங்க மேல இருந்து சாமான் பாத்துக்கறதுதான் வழக்கம்.” ஐயாற்று மீன்களுக்குப் பொரி போட்டார். முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கடைக்கு நடந்தார். பாறையில் படரும் ஒரு பெரணிச் செடியின் தண்டு அது. ரோமம் படர்ந்து ஆட்டுக்கால் போலவே இருக்கும். முழங்காலுக்கு நல்லது என்று கடைக்காரர் சொல்ல, இரண்டு டம்ளர் குடித்தார். வலி போய்விட்டது என்றார். அப்படியானால் இறங்கலாமே என்றதற்கு, “சாமானை யாரு பாக்கறது?” என்றார்.

ஊரே அவரைப் பிடிவாதக்காரர் என்கிறது. உற்றுப் பார்த்தால் அவர் எந்த மாற்றத்தையும் தடுத்ததே இல்லை. நேற்றுப் பிறந்த பழக்கத்துக்கும் முன்தேதியிட்டுப் பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிடுகிறார், அவ்வளவுதான். அதனால்தான் இத்தனை மாறியும், எதையோ இழந்துவிட்டோம் என்று அந்தக் குடும்பத்தில் யாரும் ஒப்பாரி வைப்பதில்லை.

கடைசியில் பதினெட்டுக்கே ஆபத்து வந்தது. நாமக்கல்லுக்கு உள்ளூர் விடுமுறை விட்டால் பெங்களூரு ஐடி கம்பெனிக்கு என்ன? பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். அடுத்து வரும் சனிக்கிழமை ஜெயித்தது. இரண்டு நாள் பெரியப்பா வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஒரு குரல்பதிவு வந்தது: “பதினெட்டன்னிக்கு எல்லாச் சனமும் போகும். நம்ம குடும்பத்துக்கு அதுக்கடுத்த சனிக்கிழமைதான் வழக்கம். எங்க தாத்தா காலத்துல இருந்தே.”

பின்னணியில் பெரியம்மாவின் குரலும் பதிவாகியிருந்தது. “ஏனுங்க, உங்க தாத்தா ஒருநாளும் மலை ஏறுனதே இல்லீங்களே?”

“ஆமா, அடுத்த சனிக்கிழமை போலாம்னு இருந்தாரு.”