ஆச்சி பெயர் வெட்டிய குடம்

கேள்வி: ஊர் ஊராகப் போய்ப் பழைய பொருள்களை வாங்கி விற்றே காலம் தள்ள முடியுமா?
(வாசகர், வீரசோழன்)

பதில்: தாராளமாக! மானாமதுரையில் பஸ் மாறி, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய் வாருங்கள். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தேக்குக் கதவு, எனாமல் தூக்கு என்று கடை கடையாகக் கிடக்கும். ஒரு பித்தளைக் குடத்தின் கழுத்தைத் தடவிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெட்டிய ஏதோ ஓர் ஆச்சியின் பெயர் விரலில் நெருடும். விலை பேசும்போது அந்த ஆச்சியும் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அடிமாட்டு விலை வாயில் வராது.

ஆனால் பழைய சிலைகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஊர் சுற்றுவது நீங்களாக இருக்கட்டும். சாமி கோயிலிலேயே இருக்கட்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 வயதைத் தாண்டிய கலைப்பொருளை விற்க உரிமம் வேண்டும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. திருடர்கள் கையில் சிக்கிய ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-இல்தான் வந்து சேர்ந்தார்.