மூணாறில் மனை வாங்குவோர் கவனத்துக்கு

மூணாறு, சின்னக்கானல் பக்கம் மனை பார்க்கிறீர்களா? நல்ல முடிவு. வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து என்றெல்லாம் அலைய வேண்டாம். வாசலில் நின்று எட்டிப் பாருங்கள். பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு விலை. மண் சரிந்தால்? காட்சி இன்னும் விரியும்.

பட்டா கேட்பவருக்குத் தேவிகுளம் வரலாறு தெரியாது. 1999-இல் ஒரு துணைத் தாசில்தார் கையெழுத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் பட்டாக்கள் பிறந்தன. 'ரவீந்திரன் பட்டா' என்று பேரே நிலைத்துவிட்டது. அவை செல்லாது என்று ரத்து செய்ய அரசு உத்தரவிட்டது 2022-இல். அதற்குள் வீட்டுக் கடனே அடைந்துவிடுமே!

1964 விதிப்படி, அரசு ஒதுக்கிய நிலத்தில் விவசாயம் செய்யலாம், வீடு கட்டலாம். ரிசார்ட்டும் வீடுதான், விருந்தாளிகள் கொஞ்சம் அதிகம். விதி இடித்தால் சட்டத்தையே திருத்தலாம். 2023-இல் கேரளச் சட்டசபை அந்த நல்ல காரியத்தையும் செய்தது. 2007-இல் முதல்வர் அச்சுதானந்தன் அனுப்பிய மூன்று அதிகாரிகள், அதாவது அவருடைய 'பூனைகள்', சில கட்டடங்களை இடித்தன உண்மைதான். பூனைகள் போய்விட்டன, எலிகள் சௌக்கியம்.

அதற்காக அரசு ஆக்கிரமிப்பைப் பொறுக்கும் என்று எண்ணாதீர்கள். 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் ஒருவரை மயக்க ஊசி போட்டு, நான்கு கும்கிகளை வைத்துத் தள்ளி, லாரியில் ஏற்றி, ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டில் இறக்கினார்கள். பெயர் அரிக்கொம்பன், காட்டு யானை. பரம்பரைக் குடி, கையில் ஒரு துண்டுப் பட்டா கிடையாது.

அடுத்த மாதமே கம்பம் தெருக்களில் நடந்தார். மனை பார்க்க வந்திருப்பார்.